வண்டி உதறுகிறது, காரணம் எது?

மருத்துவமனையில் "டயக்னோசிஸ்" என்கிறார்கள். இப்பொழுது கார் பட்டறைகளிலும் அதே சொல் வழங்குகிறது. இது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். பிரித்து, ஊடுருவி அறிதல் என்பது அதன் பொருள். ஒன்றோடொன்று கலந்து கிடக்கிற காரியங்களை வேறுவேறாக வைத்துப் பார்த்து, இது இதனால் வந்தது என்று தெளிவதே டயக்னோசிஸ். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இந்தப் பெயர்ச்சொல் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. அது அப்போஸ்தலர் நடபடிகள் 25-ஆம் அதிகாரம், 21-ஆம் வசனம். இராயனுடைய விசாரணைக்கும் முடிவுக்கும் தன்னை வைத்திருக்கும்படி பவுல் கேட்டுக்கொண்டதை, தேசாதிபதியாகிய பெஸ்து அகிரிப்பா ராஜாவுக்கு எடுத்துச் சொல்கிற இடம் அது. அதே அதிகாரத்தில் சற்று முன்னதாக, குற்றஞ்சாட்டுகிறவர்களை நேருக்கு நேர் கண்டு பதில் சொல்ல இடங்கொடாமல் ஒருவனை ஒப்புக்கொடுப்பது ரோமர் வழக்கமல்ல என்றும் பெஸ்து சொல்கிறான். புறமத அதிகாரி ஒருவன் பின்பற்றிய முறை அது. முதலில் விசாரணை, பிறகே தீர்ப்பு.

இந்த வாரம் நான் எழுதுவது ஒரு பழைய காரைப் பற்றி. நம் சபையில் ஏறக்குறைய எல்லாருக்கும் இந்தக் காரியத்தின் முதல் பாதி தெரியும். இரண்டாம் பாதி சிலருக்குத்தான் தெரியும். ஆகவே முழுவதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

என் இடது முழங்காலின் தேய்மானத்தினால் கிளட்சை மிதித்து ஓட்டுவது கடினமாயிற்று. ஆகவே வீட்டுச் சந்திப்புகளுக்கென்று 2014-ஆம் ஆண்டு மாடல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினேன். பெட்ரோல் வண்டி; 72,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. விற்றவர் நம் சபையின் மூப்பர்; ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் நாகர்கோவிலில் இருப்பதால், பெரும்பாலும் நான்குவழிச் சாலையிலேயே அந்த வண்டியை அவர் ஓட்டி வந்தார். நானோ பாளையங்கோட்டைத் தெருக்களிலும், திருநெல்வேலி சந்திப்பின் ஈரடுக்கு மேம்பால நெரிசலிலும் ஓட்டினேன்.

அங்கேதான் குறை வெளிப்பட்டது. நின்ற வண்டியை மெல்ல நகர்த்த ஆக்சிலேட்டரைத் தொட்டால் ஒரு கணம் ஒன்றும் நடவாது. இன்னும் சற்று மிதித்தால் வண்டி திடீரென்று முன்னே பாயும். பயந்து காலை எடுத்தால் ஓர் உதறலோடு அடங்கும். கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்த தாயார் ஒருவரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். அப்படிப் பாய்ந்த வண்டி, முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு முழ இடைவெளியில் நின்றது. அது வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து என்று அன்றே தெரிந்தது. அன்றிலிருந்து காரணம் தெரியும்வரை ஒருவரையும் அந்த வண்டியில் ஏற்றுவதில்லை என்று தீர்மானித்தேன்.

முதலில் போன பட்டறையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். பானெட்டைத் திறக்கவில்லை. "கியர்பாக்ஸ் போச்சு ஐயா. எண்பதாயிரம் ஆகும். வித்தவருக்குத் தெரியாம இருக்காது" என்றார்கள். உடன் வந்திருந்த சகோதரர் ஒருவர் அந்த மூன்றாவது வாக்கியத்தை வீட்டில் சொன்னார். வீட்டிலிருந்து அது தெருவுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் "மூப்பர் போதகரையே ஏமாற்றிவிட்டார்" என்ற பேச்சாக அது வளர்ந்திருந்தது. எண்பதாயிரம் என்ற தொகையையும் கியர்பாக்ஸ் என்ற உறுப்பையும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். மனிதனைப் பற்றிய வாக்கியம் மட்டும் நிலைத்தது.

திங்கட்கிழமை காலையில் மூப்பர் வீட்டுக்கு வந்தார். "ஐயா, எனக்கு ஒரு குறையும் தெரிஞ்சதில்ல. வண்டியைத் திருப்பித் தந்திருங்க. பணத்தை நான் குடுத்திடுறேன்" என்றார். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர், அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பேரனின் படிப்புக்குக் கட்டியும் விட்டார். "சார், பணம் இருக்கட்டும். முதல்ல என்னன்னு தெரிஞ்சுக்குவோம்" என்றேன். அவர் பணத்தைத் திருப்பித் தந்திருந்தால் அதையே ஒப்புதல் வாக்குமூலமாக ஊர் எடுத்துக்கொண்டிருக்கும். வண்டியின் பழுது தெரிந்தால்தான் அவருடைய பெயருக்கும் விடுதலை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நம் சபையின் வாலிபர் ஒருவர் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்து ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். அவரிடம் வண்டியை ஒப்படைத்தேன். அவர் வேலையைத் தொடங்குமுன் ஒரு விதி சொன்னார்: "செலவில்லாத சோதனை எல்லாத்தையும் முதல்ல முடிச்சிடுவோம் ஐயா. செலவு வைக்கிறது கடைசியில." அந்த விதியை இதை வாசிக்கிற ஒவ்வொருவரும் குறித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் எழுதச் சொன்னார். உதறல் எப்பொழுது வருகிறது? காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்பா? ஏ.சி. ஓடும்போதா, நிறுத்தியிருக்கும்போதா? புறப்படும்போதா, சீரான வேகத்திலா? ஏற்றத்திலா, சமதளத்திலா? ஏழு நாள் குறிப்பையும் வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாயிற்று. குளிரோ சூடோ, ஏ.சி. உண்டோ இல்லையோ, வித்தியாசமில்லை. ஆக்சிலேட்டரை மிக மெல்லத் தொடும் முதல் கணத்தில் மட்டும் உதறல் வருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேலே வண்டி தண்ணீர்போல் ஓடுகிறது.

இரண்டாவதாக, ஓட்டுநரின் காலடியிலுள்ள மிதியடியை எடுத்துப் பார்த்தார். சுருண்ட மிதியடி ஆக்சிலேட்டருக்கு அடியில் சிக்கினால், கால் தடைபட்டு, பின் திடீரென்று அழுந்தும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத சோதனை இது. நம் வண்டியில் அங்கே ஒரு தடையும் இல்லை.

மூன்றாவதாக, கியரைப் பார்க்கிங்கில் வைத்து, பிரேக்கை மிதித்தபடி, நின்ற நிலையில் ஆக்சிலேட்டரைச் சிறிது சிறிதாக அழுத்தினார். இன்ஜினின் சுழற்சி சீராக ஏறவில்லை. முதலில் அசையாமல் நின்று, பின் துள்ளி ஏறியது. இந்தச் சோதனையின் நியாயத்தைக் கவனியுங்கள். பார்க்கிங்கில் வண்டி நகர்வதில்லை; கியர்பாக்ஸ் சக்கரங்களைத் திருப்புவதில்லை. அங்கேயும் அதே துள்ளல் இருக்குமானால், சந்தேகம் கியர்பாக்ஸை விட்டு இன்ஜின் பக்கமாகத் திரும்புகிறது. நின்ற நிலையில் சீராக இருந்தால் மட்டும் இன்ஜின் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதானால், பாரம் ஏறும்போதுதான் அது வெளிப்படும்.

நான்காவதாக, ஸ்கேனரை இணைத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால், வண்டியின் கணினி சேமித்து வைத்திருக்கும் குறியீடுகளையும், அந்தந்தக் கணத்தின் அளவுகளையும் அதில் வாசிக்கலாம். எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டால் வண்டியில் பழுதே இல்லை என்று நினைப்பவர்கள் பலர். விளக்கை எரியவைக்காத குறியீடுகளும் உள்ளே இருக்கக்கூடும். குறியீடே பதியாத பழுதுகளும் உண்டு. நம் வண்டியில் குறியீடு ஒன்றும் பதியவில்லை. ஆகவே அளவுகளைப் பார்த்தோம்.

இக்காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஆக்சிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே கம்பி இல்லை. மிதிக்கும் அளவை மிதிகட்டையில் உள்ள சென்சார்கள் மின்சமிக்ஞையாகக் கணினிக்கு அனுப்புகின்றன. கணினி ஒரு சிறு மோட்டாரை இயக்குகிறது. அந்த மோட்டார், இன்ஜினுக்குள் காற்று போகும் வழியிலுள்ள வட்டத் தகட்டைத் திறக்கிறது. அந்தத் தகடு இருக்கும் பகுதியே த்ராட்டில் பாடி. மிதிகட்டையில் ஒன்றுக்கு இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டின் சாட்சியும் ஒத்துப்போகிறதா என்று கணினி இடைவிடாமல் பார்க்கும். ஒவ்வாவிட்டால் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். ஒரே சாட்சியை நம்பி வண்டியைப் பாயவிடக் கூடாது என்று அதைச் செய்தவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள்.

இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி, ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினோம். திரையில் எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று துள்ளலின்றி ஏறியது. ஆகவே மிதிகட்டையின் சென்சார்கள் நல்ல நிலையில் இருந்தன. பின்பு இன்ஜினை ஓடவிட்டு, தகடு எவ்வளவு திறக்க வேண்டும் என்று கணினி கேட்கும் அளவையும், உண்மையில் எவ்வளவு திறக்கிறது என்ற அளவையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். தொடக்கத்தில் மட்டும் இரண்டும் விலகின. கணினி கேட்ட பிறகும் தகடு ஒட்டிக்கொண்டு நின்று, பின் சடாரென்று திறந்தது. சற்றுத் திறந்தபின் இரண்டு எண்களும் சேர்ந்தே நடந்தன.

எரிபொருள் திருத்த அளவு என்று ஒன்று உண்டு. எங்கேனும் குழாய் வெடித்து, அளக்கப்படாத காற்று உள்ளே நுழைந்தால், கணினி அதை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். அந்த எண் பத்து சதவீதத்தையும் தாண்டி உயரும். நம் வண்டியில் அது ஐந்துக்குள் இருந்தது. ஆகவே காற்றுக்கசிவு இல்லை. சிலிண்டர்களில் எரிதல் தவறியதாகவும் பதிவில்லை. ஆகவே பிளக்கையும் காயிலையும் மாற்றச் சொல்ல நியாயமில்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்தத் தம்பி கியர்பாக்ஸைப் பாராமல் விடவில்லை. "அதைத்தான் முதல்ல குத்தம் சொன்னாங்க. அதனால அதையும் விசாரிச்சே விடணும்" என்றார். கியர் ஆயிலின் அளவுகோலை எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்தார். ஆயில் கருகியிருந்தால் பழுப்பேறிக் கறுத்து, தீய்ந்த வாடை அடிக்கும். நம் வண்டியில் சற்று மங்கினாலும் சிவப்பு நிறம் இருந்தது; வாடை இல்லை. பின்பு நான்குவழிச் சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, ஆக்சிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை மிக இலேசாகத் தொட்டார். டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் பூட்டு, பிரேக் சமிக்ஞை வந்தவுடன் விடுபடும். சீரான வேகத்தில் மேடுபள்ளச் சாலைபோல் ஒரு நடுக்கம் இருந்து, பிரேக்கைத் தொட்டவுடன் அது மறைந்தால், குறை அந்தப் பூட்டில் இருக்கிறது. நம் வண்டியில் நடுக்கமே இல்லை. பின்னால் வாகனங்கள் இல்லாத வேளையில், பழகினவர் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது.

இன்ஜின் மவுண்டிங்கையும் பார்த்தார். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கிழிந்தால், விசை மாறும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் எகிறி, வண்டி இடிபடும். அதுவும் உறுதியாக இருந்தது.

கடைசியில் ஏர் ஃபில்டரின் குழாயைக் கழற்றி, த்ராட்டில் பாடியின் வாயைத் திறந்து காட்டினார். தகட்டைச் சுற்றி, அது மூடி அமரும் இடத்தில், கறுப்பு வளையமாகப் பிசுபிசுத்த அழுக்கு. இன்ஜினின் அடிப்பகுதியில் எழும் ஆயில் ஆவி, சுற்றுச்சூழல் கெடாதபடி மறுபடியும் காற்றுக் குழாய்க்குள்ளேயே திருப்பி விடப்படுகிறது. அந்த ஆவி இங்கே படிந்து படிந்து வருடக்கணக்கில் கரியாகிறது. இவ்வகை இன்ஜினில் பெட்ரோல் தெளிக்கப்படுவது தகட்டைத் தாண்டிய பிறகுதான் என்பதால், பெட்ரோலும் அதைக் கழுவுவதில்லை. மூடிய நிலையில் தகடு அந்தப் பிசினில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய விசைக்கு அசையாது. விசை கூடியதும் பிய்த்துக்கொண்டு திறக்கும். எங்கள் உதறலுக்குக் காரணம் இதுவே.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடைத்தார். சாவி திரும்பிய நிலையில் அந்தத் தகட்டை விரலால் தள்ளக் கூடாது. மோட்டாரின் பற்சக்கரம் கெடும், விரலும் நசுங்கும். துடைத்த பிறகு, மூடிய நிலை எது என்பதைக் கணினிக்குப் புதிதாகக் கற்பித்தார். அழுக்கோடு பழகிவிட்ட கணினி, சுத்தமான தகட்டையும் பழைய கணக்கிலேயே திறக்கும். அதனால் சில நாள் இன்ஜின் ஏறியும் இறங்கியும் ஓடலாம். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள். அரைநாள் வேலை. நான்கு மாதம் ஆகிறது, உதறல் திரும்பவில்லை.

இப்பொழுது கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. இத்தனை வருடம் ஓட்டிய மூப்பருக்கு இது எப்படித் தெரியாமற்போயிற்று? இதற்கும் அந்தத் தம்பியே விடை சொன்னார். நெடுஞ்சாலையில் தகடு எப்பொழுதும் திறந்தே இருக்கும். மூடிய இடத்திலுள்ள அழுக்கு அங்கே குறுக்கிடாது. ஊருக்குள் ஓட்டிய கொஞ்ச நேரத்திலும், அழுக்கு ஒரு நாளில் சேரவில்லை. அது மயிரிழை மயிரிழையாகக் கூடக்கூட, ஓட்டுகிறவருடைய கால் தானறியாமல் அதற்கு இணங்கிக்கொள்ளும். தினமும் பார்க்கிற பிள்ளையின் வளர்ச்சி பெற்றோருக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒரு முறை வருகிற அத்தைக்குத்தான் தெரியும். அவர் என்னிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. என் கால் புதியது. அவருடைய கால் பழகினது.

பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா உதறலுக்கும் காரணம் த்ராட்டில் பாடி என்று எண்ணிவிடாதீர்கள். விலை குறைந்த பல வண்டிகளில் இருப்பது ஏ.எம்.டி.; அதாவது சாதாரண கியர்பாக்ஸையும் கிளட்சையும் இயந்திரமே இயக்கும் முறை. அதில் கியர் மாறும்போது சிறு தயக்கம் இயல்பே. அதுவே கடும் உதறலானால் கிளட்சின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். வாங்குமுன் வண்டியை நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினோடு, நெரிசலில், ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள். ஸ்கேனரை இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பாகத்தை மாற்றச் சொல்கிறவரிடம், "இதுதான் காரணமென்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் அந்தக் கேள்வியால் வருத்தப்படமாட்டார். கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுவார்.

பிரியமானவர்களே, வண்டிக்கு ஒரு டப்பா ஸ்ப்ரே போதுமாயிருந்தது. ஒரு மனிதருடைய பெயரில் படிந்ததை அப்படித் துடைக்க முடியவில்லை. காரணம் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் பின் நான் அதை எல்லாருக்கும் அறிவித்தேன். சிலர் மூப்பரிடம் போய்க் கைகொடுத்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்த எல்லா வீடுகளுக்கும் என் அறிவிப்பு போய்ச் சேரவில்லை. போன மாதம் பக்கத்துச் சபையைச் சேர்ந்த ஒருவர், "உங்களை ஒருத்தர் வண்டியில ஏமாத்திட்டாராமே ஐயா?" என்று என்னிடமே அனுதாபத்தோடு கேட்டார். மூப்பர் இப்பொழுதும் தவறாமல் ஆலயத்துக்கு வருகிறார். காணிக்கை எண்ணும் பொறுப்பிலிருந்து மட்டும் தம்மை விடுவிக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடிதத்தை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். அந்த முதல் வாக்கியத்தை நீங்கள் யாரிடமாவது சொல்லியிருந்தால், இந்த வாரத்திற்குள் அதே ஆளிடம் போய், அல்லது அதே எண்ணுக்குப் போன் செய்து, காரணம் இன்னதென்று தெரிந்துவிட்டது, அவர்மேல் குற்றமில்லை என்று சொல்லுங்கள். பொதுவாக அறிவித்தாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். பேச்சு ஆளாளாகப் பரவியது. உண்மையும் ஆளாளாகத்தான் போய்ச் சேர வேண்டும். அப்படிச் சொல்லி முடித்தவர்கள் எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. மூப்பரிடம் தெரிவியுங்கள்.